யாரும் உடுத்தியிராத துணி

ஒரு வாயாடியை நம்பி ஒலிபெருக்கியைக் கொடுக்கத் துணிந்த தலைவர், எங்கள் அம்பலவாணன் அண்ணாச்சி அவர்களே! மேடையின் வலப்பக்க ஓரத்தில், வெள்ளை வேட்டியும் வெள்ளைத் தலையுமாக, ‘என்னை ஏன் இங்கே உட்கார வைத்தீர்கள்’ என்று கேட்கும் முகத்தோடு அமர்ந்திருக்கும் ஓவிய ஆசிரியர் தாணுமாலையன் சார் அவர்களே! அவர் எழுந்து ஓடிவிடாமல் பக்கத்திலேயே காவல் இருக்கும் துணி வடிவமைப்பாளர், மேலப்பாளையத்து மகள் அர்ஷியா அவர்களே! அலுவலகம் விட்டும் அடுப்பை அணைத்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வண்ணார்பேட்டைச் சாலையில் பேருந்துக்குக் காத்திருந்து, இங்கே சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்ட அன்பர்களே! ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் என் தொழில்வழிச் சொந்தங்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ராஜராஜேஸ்வரியின் கைகூப்பிய வணக்கம்.

என்ன, பின்வரிசையில் கேட்கவில்லையா? கேட்கும், கேட்கும். முப்பத்தோரு வருடம் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது. மைக்கே இல்லாவிட்டாலும் கொக்கிரகுளம் வரைக்கும் கேட்கும்.

இந்த மண்டபத்துச் சுவரெல்லாம் கவுன்கள் தொங்குகின்றன. பார்த்திருப்பீர்கள். பட்டல்ல, பகட்டல்ல, பருத்தி. சாயம் போனவை, கை கிழிந்தவை, கழுத்து நைந்தவை. சின்னப் பிள்ளைகள் போடும் கவுன்கள். இவற்றைப் பார்க்கவா பந்தல் போட்டுக் கூட்டம் கூட்டினீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இந்தக் கவுன்களின் துணி இருக்கிறதே, ஓர் ஓவியரும் ஒரு துணி வடிவமைப்பாளரும் சேர்ந்து செய்த துணி அது. அதை வெட்டியவள் நான். தைத்தவள் நான். ஆகவே அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. உரிமை இல்லை என்று யாராவது சொன்னாலும் பேசத்தான் போகிறேன்!

கைதட்டலை மிச்சம் வையுங்கள். கதை இனிமேல்தான்.

நானும் தாணுமாலையன் சாரும் ஆற்றங்கரைக்கு அருகே ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் ஓவியம், நான் தையல். பள்ளிக்கூடத்தில் ஓவியத்துக்கும் தையலுக்கும் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியாதா? பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நிற்பார். வாய் திறக்க வேண்டாம், நின்றாலே போதும். நாங்கள் வண்ணப் பெட்டியையும் நூற்கண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவோம். ஆசிரியர் அறையில் எங்கள் இருவர் நாற்காலிகளும் கடைசியில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். அந்தப் பானைக்குப் பக்கத்தில் வளர்ந்த நட்பு எங்கள் நட்பு.

அந்தப் பள்ளிக்கு ஒருநாள் அர்ஷியா வந்தாள். அப்போது வயது இருபத்து நான்கு. சென்னையில் துணி வடிவமைப்புப் படித்துவிட்டு, மேலப்பாளையத்தில் அவள் வாப்பாவின் கைலிச் சரக்குக் கிட்டங்கியில் நீளமான ஒரு மேசை போட்டு, மரச் சட்டங்களில் வலை கட்டி, துணியில் அச்சடிக்கத் தொடங்கியிருந்தாள். யாருடைய தங்கச்சியையோ பள்ளியில் சேர்க்க வந்தவள், வராந்தாச் சுவரில் தாணுமாலையன் சார் வரைந்திருந்த தாமிரபரணியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். படித்துறை, கல்மண்டபம், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, நீரில் நெளியும் வெயில். “இத வரைஞ்சது யாரு டீச்சர்?” என்று என்னைக் கேட்டாள். நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன்.

அன்று தொடங்கியது அவர்கள் கூட்டு. அவர் வரைய, அவள் அதைத் துணிக்கு மாற்ற, ஆறு மாதம் உழைத்து ஆற்றையே துணியாக்கினார்கள். அலையும் கொக்குமாக நீலத்தில் நெளிந்தோடும் துணி. பத்துக் கெஜம் மாதிரிக்கு அடித்து எடுத்துவந்து என் மேசையில் விரித்தார்கள். ஆஹா! அந்த அழகை என்ன சொல்ல! வெட்டக் கத்திரிக்கே மனசு வராது. பொங்கலுக்குள் புடவையாக அடித்து விற்றுவிடலாம் என்று அர்ஷியா கனவு கண்டாள்.

பொங்கல் வருவதற்கு முன்னால் வெள்ளம் வந்தது.

தொண்ணூற்றிரண்டு, ஐப்பசிக் கடைசி. இங்கே இருக்கும் நரைத்த தலைகளுக்கெல்லாம் நினைவிருக்கும். பாபநாசத்து மலையில் பெய்தது வானமா, கடலா? ஒரே நாளில் ஆறு ஊருக்குள் வந்தது. ஆற்றோரத்துக் குடிசைகள் இருந்த இடம் காலையில் வெறும் சேறு. எங்கள் பள்ளி மேட்டில் இருந்தது. கதவைத் திறந்துவிட்டோம். மாடியில் வகுப்பறைக்கு ஆறு குடும்பம், ஏழு குடும்பம்; கீழே வகுப்புகள் நடந்தன. எங்கள் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளில் நாற்பத்திரண்டு பேர், கட்டிய துணியோடு கரையேறியவர்கள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. நெல்லைச் சீமை ஈரமான சீமை. சோறு வந்தது, பாய் வந்தது, மூட்டை மூட்டையாகப் பழைய துணி வந்தது. அந்தத் துணிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவை குளிரை விரட்டின, மானத்தைக் காத்தன. கொடுத்த கைகளை இன்றைக்கும் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு நாள், என் தையல் வகுப்பில், என் கண்முன்னால் நடந்ததை நான் மறக்கவில்லை.

பேச்சியம்மாள் என்று ஒரு பிள்ளை. பதினோரு வயது. அவள் அம்மா அன்னத்தாய் எங்கள் பள்ளி வாசலில் நெல்லிக்காயும் கொடுக்காப்புளியும் விற்றுக்கொண்டிருந்தவள். அதோ, முன்வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். மூடாதே அன்னத்தாய், எல்லோரும் பார்க்கட்டும்! பேச்சி அன்றைக்கு மூட்டையில் வந்த ஒரு ரோஸ் நிறக் கவுன் போட்டிருந்தாள். லேஸ் வைத்த நல்ல கவுன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மகாலட்சுமி. வசதியான வீட்டுப் பிள்ளை, சூதுவாது தெரியாதவள். பேச்சியையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று துள்ளினாள்.

“ஏட்டி, இது என் கவுனுல்லா! இங்கன பாரு, மைக்கறை. போன வருசம் நான்தான் கொட்டுனேன்!”

பழைய சிநேகிதியைக் கண்ட மாதிரி சந்தோஷமாகத்தான் சொன்னாள். திட்டிச் சொல்லவில்லை, பழித்துச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பே திரும்பிப் பார்த்தது. பேச்சி இடது கையை எடுத்து அந்தக் கறையின்மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. ஒரு கையால் ஊசி கோக்க முடியுமா? துணியைப் பிடிக்க முடியுமா? மணியடிக்கும்வரை அந்தப் பிள்ளை ஊசியை மடியில் போட்டுக்கொண்டு, கறையைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அதே கட்டடத்தில்தான் தங்கியிருக்கிறாள். மாடியிலிருந்து கீழே இறங்கி வரவில்லை. வாசலில் அன்னத்தாயைப் பிடித்துக் கேட்டேன்.

“வர மாட்டேங்கா டீச்சர். ‘நாளைக்கி வேற கவுனு போட்டா வேற ஒருத்தி வந்து என்னுதும்பா’ங்கா. நான் என்ன செய்யட்டும்? அடிச்சா இழுத்துட்டு வர முடியும்?”

நான் ஆசிரியர் அறைக்கு வந்து, பானைப் பக்கத்து நாற்காலியில் விழுந்து, நடந்ததைச் சொன்னேன். தாணுமாலையன் சார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார்.

“யாரும் உடுத்தாத துணி வேணும் டீச்சரம்மா. கடையில எடுத்தா அதே துணி இன்னொருத்தி மேலயும் கிடக்கும். இந்தப் பிள்ளையளுக்குன்னே பொறந்த துணியா இருக்கணும்.”

அன்று மாலையே மேலப்பாளையம் போனோம். கேட்டதும் அர்ஷியா நேரே வாப்பாவிடம் போனாள். அந்தப் பெரியவர் கிட்டங்கியின் சாவியை எடுத்து மகள் கையில் வைத்தார். வெள்ளைப் பருத்தி எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். துணி கிடைத்துவிட்டது. வரைந்த படம் தயாராக இருக்கிறது. நீலத் துணி, ஆற்றுத் துணி. இனி என்ன தடை? நாளைக்கே அடித்துவிடலாம் என்று மூவரும் குதித்தோம்.

அந்தப் பத்துக் கெஜத்தை எடுத்துப் போய்த் தாய்மார்களுக்கு முன்னால் விரித்தோம். “இதுல உங்க பிள்ளைகளுக்குக் கவுன் தைக்கப் போறோம்” என்றேன், பெருமை பொங்க. துணியில் ஓடிய அலைகளை அன்னத்தாய் உற்றுப் பார்த்தாள். பிறகு சாரை நிமிர்ந்து பார்த்தாள்.

“தப்பா நினைக்காதிய சாரு. எங்க வீட்டத் தூக்கிட்டுப் போன தண்ணிய என் புள்ள உடம்புலயே சுத்தி விடச் சொல்லுதியளா?”

அரங்கம் அமைதியாகிவிட்டதே! அன்றைக்கு நாங்களும் இப்படித்தான் அமைதியானோம். அன்பர்களே, எங்களுக்கு ஆறு என்றால் அழகு. அவளுக்கு ஆறு என்றால் ஆட்டையும் அடுப்பையும் கொண்டுபோன கை. கரையில் நின்று பார்ப்பவர் கண்ணும், கழுத்தளவு நீரில் நின்றவர் கண்ணும் ஒன்றாகுமா? உதவி செய்ய ஓடினோமே, உடுத்தப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? படித்தவர்கள் நாங்கள் மூன்று பேர். ஒருவருக்காவது தோன்றியதா?

தாணுமாலையன் சார் அந்தத் துணியைச் சுருட்டினார். ஆறு மாத உழைப்பு. இரண்டு நாள் நான் டீ கொடுத்தால் வாங்கிக்கொள்வார், குடிக்க மாட்டார். கோபம் அன்னத்தாய் மீதா, தன் மீதா, கொக்கின் மீதா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறார், பாருங்கள்.

மூன்றாம் நாள் ஒரு கட்டுத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். பேச்சிக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நானும் அர்ஷியாவும் கதவருகே நின்றோம்.

“ஏளா, ஒனக்குப் படம் போட்டுத் தாரேன். ஒங்க வீட்டுல என்ன இருந்துச்சு சொல்லு. தண்ணி கொண்டுபோனது எதாவது.”

பேச்சி அவர் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். பிறகு, “ஆடு” என்றாள்.

அவர் ஓர் ஆடு வரைந்தார். அழகான ஆடு. அவள் எட்டிப் பார்த்தாள்.

“இது இல்ல சார். எங்க ஆட்டுக்கு ஒரு கொம்பு முறிஞ்சிருக்கும்.”

கொம்பை அழித்தார். “இந்தக் கொம்பா?”

“அந்தப் பக்கம். ம்... இன்னுங் கொஞ்சம். காது லேசா தொங்கும். ஆங், இப்பதான் எங்க ஆடு.”

வந்தார்கள் பிள்ளைகள்! ஒருத்தி, இரண்டு பேர், பத்துப் பேர். சாரைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். ஒருத்திக்குப் பல் போன சீப்பு. ஒருத்திக்குத் தலை ஆடும் செட்டியார் பொம்மை. ஒருத்திக்கு முருங்கை மரம். அதில் ஏறினால் மூன்றாவது கிளையில் உட்காரலாமாம், கிளைகளை எண்ணிப் பார்த்துச் சரி செய்தாள். ஒருத்திக்குத் தட்டினால் மட்டும் பாடும் ரேடியோ. ஒரு பிள்ளை, “எங்க வீட்டுல ஒண்ணுமே இல்ல சார், கோலம்தான் இருந்துச்சு” என்றாள். அந்தக் கோலத்தைப் புள்ளி புள்ளியாகச் சொல்லச் சொல்ல, அவர் போட்டார். நாற்பது வயதைத் தாண்டிய ஓவிய ஆசிரியர், பிள்ளைகள் திருத்தத் திருத்த, அழித்து அழித்து வரைந்தார். நான்கு நாளில் நாற்பத்திரண்டு படங்கள்.

இப்போது அர்ஷியாவின் முறை. ஒரு துணியில் நாற்பத்திரண்டு வேறுவேறு படங்களை அடிப்பது விளையாட்டா? நான்கு சட்டங்கள் செய்தாள். ஒவ்வொன்றிலும் பத்து, பதினொன்று படங்கள். முதல் சட்டம் அடித்து, அடுத்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, மறுபடி முதலாவது. சட்டமும் சட்டமும் சேருமிடம் தெரியாதபடி, ஆட்டின் வால் கோலத்தின் புள்ளிக்குள் நுழைய, முருங்கைக் கிளை ரேடியோவின்மேல் நிழல் விழுத்த, இழைத்து இழைத்து இணைத்தாள். காவி நிறமும் கரும்பச்சையும், இரண்டே நிறம். நீலம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த நீளமான மேசையில் துணி பரவிக் கிடந்தபோது, ஓர் ஊரே எழுந்து நடந்து வருவது போல் இருந்தது!

பிறகு என் கைக்கு வந்தது. வந்ததும் சண்டையும் வந்தது.

வண்ணார்பேட்டையில் என் வீட்டு முன்னறையில்தான் மிஷின். பேச்சியின் கவுனைத்தான் முதலில் வெட்டினேன். தைத்துத் தொங்கவிட்டதைப் பார்க்க சார் வந்தார். ஆட்டின் தலை முன்பக்கம் இருந்தது. பின்னங்கால் இரண்டும் கைக்கு அடியில் போய்விட்டன. அவர் முகம் சிவந்துவிட்டது.

“ஆட்ட அறுத்துட்டியளே டீச்சரம்மா!”

“துணின்னா வெட்டத்தான் செய்யணும் சார். ஆட்டைச் சுத்திக்கிட்டுப் போகவா முடியும்?”

“அந்தப் பிள்ளைட்ட கொம்ப மூணு தடவ கேட்டுப் போட்டிருக்கேன்!”

“நான் மட்டும் கண்ணை மூடிக்கிட்டா வெட்டினேன்?”

இருவரும் கத்துவதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அர்ஷியாதான் நடுவே புகுந்தாள். அவள் சொன்னதை நான் பிறகு எத்தனையோ மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

“சார், படத்துக்கு நாலு ஓரம் இருக்கு. நீங்க அந்த நாலு ஓரத்துக்குள்ள இருந்து பாக்கிய. துணிக்கு அப்படிக் கிடையாது. டீச்சர் கத்திரி எங்கன விழுதோ அங்கனதான் ஓரம். அதனால வெட்டக் கூடாதுன்னு சொல்லாதிய. எங்கன வெட்டணும்னு மூணு பேரும் ஒக்காந்து பாப்போம்.”

உட்கார்ந்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் காகிதத்தில் அளவு வெட்டினோம். அந்தக் காகிதத்தைத் துணிமேல் வைத்து, அங்கே நகர்த்தி இங்கே நகர்த்தி, அவளவள் பொருள் அவளவள் நெஞ்சின்மேல் முழுசாக விழும்படி பொருத்தினோம். துணி வீணாகியது. வீணான துண்டுகளை ஒட்டுப்போட்டுக் கைகளாக்கினேன். பற்றாததற்கு மறுபடி அடித்தாள் அர்ஷியா. சார் பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டார். தூரிகை பிடித்த விரலெல்லாம் ஊசிக் குத்து. அந்தச் சுவரில் மூன்றாவது கவுனில் ஒரு பட்டன் கோணலாக இருக்கிறதே, அது யார் கைவரிசை என்று இனி நீங்கள் கேட்க வேண்டாம்!

இதற்கெல்லாம் முன்னால் அளவெடுத்த கதையைச் சொல்ல மறந்துவிட்டேனே. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “கையைத் தூக்கு” என்றேன். பேச்சிக்குக் கையை எப்படித் தூக்குவது என்று தெரியவில்லை. அதற்குமுன் அவளை யாரும் அளந்ததில்லை. அக்காள் போட்டது, அடுத்த வீட்டில் கொடுத்தது, வளர்கிற பிள்ளை என்று பெரிதாக எடுத்தது, இவைதான் அவள் போட்டவை. “மார்பு இருபத்தாறு, தோள் பதினொண்ணு” என்று நான் சொல்ல, அர்ஷியா எழுதினாள். பேச்சி அந்த எண்களை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள். கவுன்கள் தயார். விழா வைக்கலாம், பெரியவர் ஒருவரை அழைக்கலாம், மேடை போடலாம், போட்டோ எடுக்கலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். தாணுமாலையன் சார் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். “கொடுக்கிற விழா வேண்டாம். தையல் கடையில துணி வாங்குத மாதிரி வாங்கட்டும்.”

அப்படியே செய்தோம். தையல் அறைதான் கடை. திரை கட்டினோம். கண்ணாடி வைத்தோம். ஒவ்வொருத்தியாக வந்து, போட்டுப் பார்த்து, வெளியே வந்து நின்றாள். நான் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: “கையைத் தூக்கிப் பாரு, எங்கேயாவது பிடிக்குதா?”

பேச்சி வந்தாள். கண்ணாடி முன் நின்றாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். நெஞ்சில் இருந்த ஆட்டின் முறிந்த கொம்பை ஒரு விரலால் தொட்டாள். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அழுவாளா? சிரிப்பாளா? நன்றி சொல்வாளா? அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“கழுத்து கொஞ்சம் எறக்கமா இருக்கு டீச்சர்.”

சிரியுங்கள், சிரியுங்கள்! நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அர்ஷியா அழுதாள். ஏன் தெரியுமா, தாய்மார்களே? மூட்டையில் வந்த துணியை வாங்கியவளுக்கு வாய் இருந்ததா? பெரிதாக இருந்தாலும் போட்டுக்கொண்டாள், சிறிதாக இருந்தாலும் போட்டுக்கொண்டாள், கறை இருந்தாலும் கையால் மறைத்துக்கொண்டாள். இரவல் துணிக்குக் குறை சொல்ல முடியுமா? தனக்கென்று தைத்த துணிக்குத்தானே குறை சொல்ல முடியும்! தன் துணி என்று நினைத்தவள் அல்லவா தையற்காரியை அதட்ட முடியும்! நான் அங்கேயே உட்கார்ந்து அந்தக் கழுத்தைப் பிரித்து, அரை அங்குலம் ஏற்றித் தைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு தையலைப் பிரித்ததில்லை.

அன்று மத்தியானம் மகாலட்சுமி ஓடிவந்தாள். “எனக்கும் இந்தத் துணி வேணும் டீச்சர், எந்தக் கடையில கிடைக்கும்?” பதில் சொன்னது நான் அல்ல, பேச்சி. “கடையில கிடைக்காது. ஒனக்கு என்ன தொலஞ்சதுன்னு சொல்லு, சார் போட்டுத் தருவாரு.” மகாலட்சுமி யோசித்தாள், யோசித்தாள். “ஒண்ணும் தொலையலியே” என்றாள், பாவம், குரல் இறங்கிப்போய். பேச்சி அவள் கையைப் பிடித்து ஆட்டின்மேல் வைத்தாள். “தொட்டுப் பாத்துக்கோ.”

அன்பர்களே! ஆடை என்பது என்ன? உடம்பை மறைப்பது மட்டுமா? அப்படியானால் மூட்டைத் துணி போதுமே. அழகு காட்டுவது மட்டுமா? அப்படியானால் எங்கள் நீலத் துணி போதுமே. நீ யார் என்று கேட்டு, உன் அளவு என்ன என்று எடுத்து, உனக்கு எது பிடிக்கும் என்று அறிந்து, உனக்காகவே ஒரு கத்திரி எங்கே விழ வேண்டும் என்று மூன்று பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்களே, அந்தச் சண்டையையும் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளைகள் உடுத்திக்கொண்டார்கள். கொடுப்பவர்களே, கேட்டுக் கொடுங்கள்! அளந்து கொடுங்கள்! வாங்குகிறவர் வாய்திறந்து குறை சொல்லும்படி கொடுங்கள்!

அந்தக் கவுன்களில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தேன், வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட. சுவரில் பாருங்கள், கீழ்ப்பக்கத்தில் நிறம் மாறி மூன்று கோடுகள் தெரியும். பிள்ளைகள் வளர்ந்த கோடுகள். அதன்பிறகு அவை தங்கைகளுக்குப் போயின, தலையணை உறையாயின, தொட்டிலுக்கு விரிப்பாயின. பதினெட்டுத்தான் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தன. அதே துணியைக் கேட்டு அர்ஷியாவிடம் வியாபாரிகள் வந்தார்கள். அவள் வேறு எத்தனையோ துணிகளைச் சாரோடு சேர்ந்து செய்தாள். இந்த நான்கு சட்டங்களை மட்டும் மறுபடி மேசைக்கு எடுக்கவில்லை. பேச்சி இன்றைக்கு முக்கூடலில் தையல் கடை வைத்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மார்கழியில் மறுபடி வெள்ளம் வந்ததே, அப்போது முகாமுக்குப் போனவள் துணி மூட்டை கொண்டுபோகவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாளாம். இங்கே வரவில்லையா என்று தேடாதீர்கள். முகூர்த்த நாள், நாலு கல்யாணப் பெண்களின் ரவிக்கை கையில் இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டாள். தையற்காரி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்!

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே நிமிடம் அண்ணாச்சி.

அன்று தையல் அறைக்கு நாற்பத்தொரு பேர்தான் வந்தார்கள். கடைசியாக ஜெமிமா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. பத்து வயதுப் பிள்ளை. அவள் சாரிடம் வரையச் சொன்னது ஆட்டையோ மரத்தையோ அல்ல. தன் வீட்டுக் கதவையும், அதில் எழுதியிருந்த எண்ணையும். “நம்பர் தெளிவா இருக்கணும் சார். அப்பா பம்பாயில இருக்காங்க. கடுதாசி அந்த நம்பருக்குத்தான் வரும்” என்றாளாம். பதினேழின் கீழ் மூன்று.

விசாரித்தபோது அன்னத்தாய் சொன்னாள். இரண்டு நாளைக்கு முன்னால் ஜெமிமாவின் அப்பா வந்துவிட்டார். வெள்ளச் சேதி கேட்டு, கடிதத்துக்குப் பதில் வராமல், ரயிலேறி வந்து, வீடிருந்த இடத்தில் சேற்றைப் பார்த்து, ஒவ்வொரு பள்ளிக்கூடமாக ஏறி இறங்கித் தேடியிருக்கிறார். பெண்டாட்டி பிள்ளையைக் கண்டதும் அன்றே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதர் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே படி இறங்கினாராம். முகவரி வாங்க யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் தபாலாபீஸில் கேட்டோம், சர்ச்சில் கேட்டோம், பம்பாய் போனவர்களிடமெல்லாம் சொல்லியனுப்பினோம். கிடைக்கவில்லை.

அந்தக் கவுன் என்னிடம்தான் இருக்கிறது. சுவரில் மாட்டவில்லை, அது காட்சிப் பொருள் அல்ல, வாடிக்கையாளர் துணி. வருடத்துக்கு ஒரு முறை வெயிலில் போட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைக்கிறேன்.

வெயிலையும் வேலையையும் பொருட்படுத்தாமல் வந்து, வாயாடியின் பேச்சுக்குக் காது கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. இந்த மண்டபத்தைத் தந்தவர்களுக்கும், பழைய பெட்டிகளைத் துழாவிக் கவுன்களைத் தேடித் தந்த தாய்மார்களுக்கும் நன்றி. சார், உங்களுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன், அர்ஷியா, உனக்கும்தான். நாம் போட்ட சண்டைக்கு நன்றி எதற்கு?

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்தத்தில், சிநேகிதத்தில், நெல்லையிலிருந்து பம்பாய்க்குப் போன ஒரு ஜெமிமா இருந்தால், இப்போது நாற்பத்து மூன்று வயது இருக்கும், அவளிடம் சொல்லுங்கள். மார்பு இருபத்து நான்கு, தோள் பத்தரை, உயரம் முப்பது. நம்பர் தெளிவாக விழுந்திருக்கிறது. உன் துணி தைத்து முடித்தாயிற்று, வந்து வாங்கிக்கொள் என்று வண்ணார்பேட்டை ராஜராஜேஸ்வரி டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள். அவளுக்கு ஒரு பெண் இருந்து, அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால், டேப் என் கழுத்தில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் வணக்கம். பார்த்துப் போய்ச் சேருங்கள்.